ஒரு விரற்கடை

கடைசி முக்கோணம் மூடவில்லை.

அவர் ஸ்டூலின் மேல் நின்று கம்பியை இழுத்தார். இழுத்த பக்கம் வந்தது. எதிர்ப்பக்கம் பிய்த்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய இறங்கி ஓடினால் இந்தப் பக்கம் தொங்கியது.

காலையிலிருந்து இதே கூத்து.

பெட்டியின் மேல் படம் போட்டிருந்தார்கள். பாதிப் பந்தைக் கவிழ்த்தது போல் ஒரு தோட்டக் கூடாரம். முழுக்க முக்கோணங்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரி சிரித்தபடி தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட காற்றுக்கும் அசையாது என்று கீழே எழுதியிருந்தது.

அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினார்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். உடுமலைப் பக்கம் அது ஆடியோடு நிற்பதும் இல்லை. அவர் மனைவி வைக்கும் கத்தரி நாற்று எம்மாத்திரம்? இங்கே வந்த நாளாக அவள் நட்டது எதுவும் நிமிர்ந்து நின்றதில்லை. ஓய்வு பெற்றதும் கோயமுத்தூர் வீட்டை விட்டுவிட்டு இந்த வெட்டவெளியில் வந்து வீடு கட்டியது அவருடைய ஆசை. அவளை யாரும் கேட்கவில்லை.

கடைசி நாற்றும் ஒடிந்த அன்று அவளே கேட்டாள்.

"நான் என்ன, காத்துக்கு வாக்கப்பட்டா வந்தேன்?"

அதோடு பேச்சு நின்றது.

இன்று சாயங்கால ரயிலில் சென்னைக்குப் போகிறாள், மகள் வீட்டுக்கு. எப்போது திரும்புவாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் புறப்படுவதற்குள் இது நிற்க வேண்டும்.

நின்றால் போக மாட்டாள் என்று யாரும் அவருக்குச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அவராக நம்பிக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் கணக்கு வாத்தியார். ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் முக்கோணம் போட்டவர்.

பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது இவ்வளவுதான். கம்பிகள் இரண்டு வகை. நுனியில் சிவப்புப் புள்ளி இருந்தால் நெட்டை. இல்லாவிட்டால் குட்டை. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு விரற்கடை, ஒரு விரல் அகலம். புள்ளியைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளவும்.

பிரித்தார்.

புள்ளி வைத்த கம்பி, தாளில் சொன்னதைவிட அதிகமாக இருந்தது. மறுபடி எண்ணினார். அதிகம்தான். கணக்கு வாத்தியார் எண்ணினால் தப்பாகுமா? எண்ணத் தெரியாத பயல்கள் பெட்டி கட்டியிருக்கிறார்கள் என்று வாய்விட்டுத் திட்டினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"ஏனுங் சார், மயிலுக்குக் கூண்டுங்களா?"

அவருக்கு மூக்குமேல் கோபம் வந்தது. ஸ்டூலில் ஏறினார். இழுத்தார்.

காற்று ஒரு முட்டு முட்டியது.

கூடாரம் ஒரு பக்கமாக நெளிந்தது. மேலே மாட்டியிருந்த கம்பிகள் பிடுங்கிக்கொண்டு அவர் தலைக்கு நேராக வந்தன. தப்பித்து இறங்கியவர் கீழே கிடந்த குவியலை ஓங்கி உதைத்தார்.

உதைத்ததும் கூசியது. எதன் மேல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பழகிய உடம்பு. கோபத்திலும் கை தானாகப் போனது. குனிந்து ஒரு கம்பியின் நுனியைத் தொட்டார். ஒற்றிக்கொண்டார்.

இமை எரிந்தது.

விரலைப் பார்த்தார். சிவப்பு.

பெயிண்ட் வியர்வைக்குக் கரையுமா?

முகர்ந்தார். குங்குமம்.

போன வெள்ளிக்கிழமை பெட்டியை வீட்டுக்குள் பிரித்துப் போட்டுவிட்டு ஸ்பேனர் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். கிரைண்டரோ சைக்கிளோ, புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் அவள் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. மேலாகக் கிடந்த கம்பிகளுக்கெல்லாம் வைத்திருக்கிறாள். நெட்டை குட்டை பார்க்காமல்.

பேச்சை நிறுத்திய பிறகும் வைத்திருக்கிறாள்.

அவருக்கு அழுகை வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றி, துடைத்து, எது பெயிண்ட் எது குங்குமம் என்று பார்த்து, மறுபடி முதலிலிருந்து. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒரு கம்பியின் நுனியில் வைத்தார்.

"வெச்ச பொட்டத் தொடைக்காதீங்க."

பின்னால் நின்றிருந்தாள். ரயிலுக்குக் கட்டிய சேலை. காலில் செருப்பு இல்லை. நாற்று ஒடிந்ததிலிருந்து அவள் இந்த மண்ணில் கால் வைக்கவே இல்லை.

துண்டை அப்படியே இறக்கினார்.

அவள் இரண்டு கம்பிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். உச்சியில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். உயரமானதை அவர் பக்கம் போட்டாள். மற்றதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

பிறகு கூடாரத்தைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கழற்றத் தொடங்கினாள்.

அவர் இந்தப் பக்கத்திலிருந்து கழற்றினார். அவள் அந்தப் பக்கத்திலிருந்து. திருகாணிகளைக் கீழே வைத்தால் மண்ணில் தொலைந்துவிடும். கொண்டை ஊசியைக் கவ்வுவது போல ஒவ்வொன்றாக உதட்டில் கவ்விக்கொண்டாள்.

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

அவர் கை நின்றது. அவளைப் பார்த்தார்.

ஹாரன் மறுபடி அடித்தது. டிரைவர் அம்மா, அம்மா என்று கூப்பிட்டான்.

திருகாணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பதில் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றைக் கழற்றினாள். அதையும் உதட்டில் வைத்துக்கொண்டாள்.