பயம் தெளிந்த குரல்

"அணைக்காதம்மா, பயமா இருக்கு."

போதிராஜ் செத்து ஒரு வருடம் ஆகிறது. அவன் குரலில் பேசும் கருவி தினமும் ஒரு மணி நேரம்தான் பேசும். பிறகு அதை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அது கெஞ்சுவதை அவன் அம்மா பிரேமாவதியால் தாங்க முடியவில்லை.

"ஆன்மா இல்லைன்னு புத்த விகாரையில உறுதிமொழி எடுத்தவங்க நாம. திதிகூடக் கொடுக்கிறதில்ல. அப்புறம் பெட்டிக்குள்ள யாருடி இருக்கிறது?" என்றார் கணவர் அப்பாதுரை.

"யாரா இருந்தா என்னங்க? பயப்படுதுல்ல?"

தங்கவயல் விகாரையிலிருந்து பிக்குவை அழைத்துவந்தாள். அவர் ஒரு மாதம் தினமும் கருவியின் எதிரே உட்கார்ந்து, நான் என்று எதுவும் இல்லை, என்னுடையது என்றும் எதுவும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். உயிரோடிருந்தவரை போதிராஜ் காதில் வாங்காத பாடம் அது.

பாடம் முடிந்த மறுநாள் பிரேமாவதி கேட்டாள்.

"அணைக்கட்டுமா கண்ணு?"

"அணைக்கலாம். பயம் இல்ல."

"அம்மா கிட்டதான் இருக்கேன்டா."

"அம்மான்னு யாரும் இல்ல. மகன்னும் யாரும் இல்ல."

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை பயமா இருக்குன்னு சொல்லுடா."

அவள் கை படாமலே கருவி அணைந்தது.