வசிஷ்டருக்குப் பக்கத்தில்

"சாவியக் குடு புள்ள. ஒம்பது மணிக்கு வண்டி எடுக்கோணும்."

"தாரேனுங்க. மொதல்ல மாடிக்கு வந்து அருந்ததியக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா சாவி உங்க கையில."

கதிர்வேல் மனைவியை முறைத்தான். இருபது வருஷமாக கேஸ் டேங்கர் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் செல்வி லாரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள். ராத்திரி வண்டிக்காக மத்தியானமே படுத்து, ஏழரைக்கு எழுந்தவன், முகத்தைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே போனான். சுவரைத் தடவி, படியை எண்ணி ஏறினான். மொத்தம் பதினாறு படி.

போன மாதம் வண்டியை நடுரோட்டு மீடியன் சுவர்மேல் ஏற்றிவிட்டான். மாடு குறுக்கே வந்ததாக ஊரெல்லாம் சொல்லிவைத்தான். மாடும் இல்லை, கன்றும் இல்லை என்று கூடப்போன கிளீனர் காத்தானின் பெண்டாட்டி செல்வியின் காதில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பல்லவிதான். கண் ஆஸ்பத்திரிக்கு வாங்க, கண் ஆஸ்பத்திரிக்கு வாங்க.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு தெரிஞ்சா எவன் என்னைய நம்பி வண்டி குடுப்பான்?" என்று அவனும் மசியவில்லை.

உண்மை அவனுக்குத் தெரியும். பகலில் அவன் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. பொழுது சாய்ந்தால்தான் வம்பு. எதிரே வருகிற வண்டியின் விளக்கு தெரியும். ரோட்டோரம் நடக்கிற மனுஷன் தெரியமாட்டான். இரவு வானம் இரண்டு வருஷமாகவே அவனுக்குக் கரிபிடித்த சட்டிதான்.

செல்வி ஆறு ஞாயிற்றுக்கிழமையாக நூலகத்தில் வானம் பார்க்கும் வகுப்புக்குப் போகிறாள். வட்டமான நட்சத்திரப் படம் ஒன்றை டி.வி.க்குப் பக்கத்தில் ஒட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் சத்தம் போட்டுப் படிப்பாள். நேற்று அவள் இந்தப் பந்தயத்தைக் கட்டினாள். இன்று காலை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவன் அந்தப் படத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்துவிட்டான். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்று மனசுக்குள் சிரித்தும் கொண்டான்.

"வெளக்க அணைச்சுட்டேனுங்க. பத்து நிமிசம் இருட்டுல நின்னாத்தான் கண்ணு பழகும்னு மாஸ்டர் சொன்னாரு."

நின்றார்கள். சித்திரை வெயிலில் வெந்து கிடந்த மாடியில் காற்று கொஞ்சம் சில்லென்று வீசியது. அவன் கண் எதற்கும் பழகவில்லை. தூரத்தில் செல்போன் டவரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அது வடக்கு. அவனுக்கு அது போதும்.

"சொல்லுங்க. சப்தரிஷி மண்டலம் எங்கீங்க?"

"அதோ, டவருக்கு மேல. கரண்டியக் கவுத்து வெச்ச மாதிரி."

"அட! எத்தனைங்க?"

"ஏழு. கிண்ணத்துக்கு நாலு, காம்புக்கு மூணு. காம்பு கெழக்க நீட்டிக்கிட்டு இருக்குது."

"அதுல ஒண்ணு மட்டும் மங்கலா இருக்குது பாருங்க. எதுங்க?"

அவனுக்கு வியர்த்தது. படத்தில் ஒரு புள்ளி சிறிதாக இருந்தது ஞாபகம் வந்தது.

"கிண்ணமும் காம்பும் சேர்ற எடத்துல இருக்கறது."

"செரியாத்தான் சொல்றீங்க." அவள் குரல் இறங்கியது. "வெளையாட்டு இல்லீங்க. ராத்திரியே தொப்பூர் கணவாயத் தாண்டோணும். பின்னால பதினெட்டு டன் கேஸு. நீங்க மட்டுமா ரோட்டுல போறீங்க? கண்ணு நல்லா இருந்தா வசிஷ்டரும் அருந்ததியும் தனித்தனியாத் தெரியும்னு மாஸ்டர் சொன்னாரு. உங்களுக்குத் தெரியுதுங்களா?"

அவன் கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றிக்கொண்டான்.

"காம்புல நடுவுல இருக்கறவரு வசிஷ்டரு. அவரு தோள ஒட்டுனாப்புல பொட்டாட்டம் சின்னதா ஒண்ணு மினுக்குது பாரு, அதான் அருந்ததி."

"சத்தியமாத் தெரியுதுங்களா?"

"சத்தியமா! நம்ம கல்யாணத்தன்னிக்கி பட்டப்பகல்ல மண்டபத்துக் கூரையப் பாத்து ரெண்டு பேரும் தெரியுது தெரியுதுன்னு தலையாட்டுனமே, அந்த மாதிரி இல்ல. இது நெசமாவே தெரியுது."

செல்வியை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சே லேசானது.

"சாவி," என்று கையை நீட்டினான்.

மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கதிர்வேலுக்குச் சுருக்கென்றது. பாவம், இவ்வளவு பயந்திருக்கிறாள். இவளிடம் போய்ப் பொய்ச் சத்தியம் செய்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"ஏம் புள்ள அழுவறே? அதான் காட்டிட்டேனில்ல? காலைல போய்ச் சேந்ததும் போன் பண்றேன் சாமி."

இருட்டில் அவள் கை வந்து அவன் கையைப் பற்றியது. அதில் சாவி இல்லை.

"நான் அழுவலீங்க. அது மழை. சாயங்காலம் அஞ்சு மணிக்கே மேகம் மூடிக்கிச்சு. இப்ப வானத்துல ஒத்த நட்சத்திரம் இல்லீங்க."