ஏழாம் தொட்டி மாப்பிள்ளை

மேலாளர் ஏழாம் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்.

பின்னால் தொட்டிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன்களைப் பராமரிக்கும் அவரைக் காட்சியகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

காலித் தொட்டியைக் காட்டிக் காசு பிடுங்குகிறார்கள் என்று பார்வையாளர்கள் எழுதிப்போட்ட புகார்கள் மேலாளரின் சட்டைப்பையில் இருந்தன. உள்ளே மீன் இல்லையென்றால் தொட்டியை இன்றே எடுத்துவிட்டு, தொட்டிக்காரரை வாசலில் டிக்கெட் கிழிக்க அனுப்பிவிடுவார்.

மீன் பத்து நாள் முன்பு வரை இருக்கத்தான் செய்தது.

கடலடிப் பாறைகளில் வாழும் விரல் நீள மீன். பாறையின் நிறம், பாறையின் சொரசொரப்பு, முதுகில் பாசி படிந்த மாதிரி புள்ளிகள். தொட்டாலும் நகராது. தூக்கி வேறு இடத்தில் வைத்தாலும் கல்லாகவே நடிக்கும். வேளாவேளைக்குத் தின்றுவிட்டு உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத அதற்குத் தொட்டிக்காரர் வைத்த பெயர் மாப்பிள்ளை. அதுவும் வீட்டோடு மாப்பிள்ளை.

மூன்று வருடமாக இடது மூலைதான் மாப்பிள்ளையின் இடம். இப்போது அங்கே வெறும் மணல்.

தொட்டிக்காரர் மணலைச் சலித்தார். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். தானே பொறுக்கி வந்து போட்ட நான்கு கற்களின் இடுக்கிலும் டார்ச் அடித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் பலனில்லை. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் வீட்டில் ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்ட மாதிரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்கய்யா இருக்கு?" என்றார் மேலாளர்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் தொட்டிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் கை முந்திக்கொண்டு, வரிசையில் முதலாவதாக இருந்த பெரிய கல்லைக் காட்டிவிட்டது.

மேலாளர் கண்ணைச் சுருக்கினார். தலையைச் சாய்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார். தனக்கு ஒன்று தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

"அடேயப்பா! என்ன கம்பீரமா உக்காந்திருக்கு!"

புகார்களைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பெரிய கல்லுக்கு ஒரு முறை கையசைத்துவிட்டுப் போனார்.

வேலை தப்பியது. ஆனால் தொட்டிக்காரருக்குச் சந்தோஷம் வரவில்லை. கல்லைக் காட்டி எத்தனை நாளைக்கு ஓட்டுவது? அதைவிட, மாப்பிள்ளை எங்கேதான் போய்த் தொலைந்தது?

துப்புரவு அக்கா வாளியோடு வந்தார். வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது, ஆனால் சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். தினமும் காலையில் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, மெல்லிய பிரஷால் கல் கல்லாகத் தேய்த்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்.

"நாலு கல்லும் பளிச்சுனு ஆயிடுச்சு சார்," என்றார் அக்கா சேலை முந்தானையைச் செருகிக்கொண்டே. "அந்தக் கடைசிப் பொடிக்கல்லுதான் பாடாப் படுத்துது. பத்து நாளா தேய்க்கிறேன், பாசி போகவே மாட்டேங்குது."

தொட்டிக்காரர் எண்ணிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினார்.

அக்கா பிரஷைத் தண்ணீருக்குள் விட்டார்.

வரிசையின் கடைசிக் கல், வாகாக முதுகைத் திருப்பிக் கொடுத்தது.