தாழ்ப்பாள் இல்லாத கதவு

“அக்கா! பாத்ரூம் கதவுல தாழ்ப்பாளைக் காணோம்!”

தங்கை போட்ட கூச்சலில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள் மருமகள். கதவின் உள்பக்கம் திருகாணி ஓட்டைகள் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

யார் வேலை என்று துப்பறிய வேண்டிய அவசியமே இல்லை. கூடத்தில் மாமனார் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர்.

“மாமா, தாழ்ப்பாளைக் கழட்டினது நீங்களா?”

“ஆமாம்மா. துருப்பிடிச்சிருந்தது.”

“பழசு பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சுன்னு போன வாரம்தானே புதுசு போட்டோம்? அதுக்குள்ள துருவா?”

மாமனார் பேப்பரின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்துதான். வீட்டைப் பராமரிக்கிறேன் பேர்வழி என்று வீட்டையே அலங்கோலம் பண்ணிக்கொண்டிருந்தார் மனிதர். அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட பளபள தரைமேல், கண்றாவி நிறத்தில் ஒரு ரப்பர் விரிப்பு. சுவரில் துளை போட்டு ஓர் இரும்புக் கைப்பிடி. அதில் நல்ல டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டது. கீஸரின் சூட்டைக் குறைத்துவிட்டு, “இதுக்கு மேல யாரும் ஏத்தக் கூடாது” என்று உத்தரவு வேறு. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இதை எப்படிப் பொறுப்பது?

“வயசுப் பொண்ணு வந்து தங்கியிருக்கா. இருக்கிறது ஒரே ஒரு பாத்ரூம். அவ எப்படிக் குளிப்பா?”

“வெளியில மாட்ட ‘ஆள் இருக்கு’ன்னு ஒரு அட்டை எழுதி வெச்சிருக்கேனேம்மா.”

“அட்டையா? பொம்பளைங்க மானத்துக்கு அட்டை காவலா?”

அதற்குள் மாமியார் வந்துவிட்டாள். மருமகளைவிட அவள் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

“உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பொம்பளைங்க இருக்கிற வீட்ல ஒரு ஆம்பளை செய்யற காரியமா இது? வெட்கமா இல்ல?”

மாமனார் நிமிர்ந்து மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

அத்தையே தன் பக்கம் என்றதும் மருமகளுக்குத் தெம்பு வந்தது. உடனே தச்சரை வரவழைத்தாள்.

“நல்ல கனமான தாழ்ப்பாளாப் போடுங்க. யாராலயும் கழட்டவும் முடியக் கூடாது, உடைக்கவும் முடியக் கூடாது.”

தச்சர் பெட்டியைத் திறப்பதற்குள் மாமனார் வந்து கதவுக்குக் குறுக்கே நின்றார்.

“வேண்டாம்ப்பா. நீ கிளம்பு.”

“என்ன பெரியவரே, தாழ்ப்பாள் இல்லாம ஒரு பாத்ரூமா?” தச்சருக்கே சிரிப்பு வந்தது.

“என் உயிர் இருக்கிற வரைக்கும் இந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது.”

தங்கை விருட்டென்று பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். “நான் ஹாஸ்டலுக்கே போறேன் அக்கா. வயசானா மட்டும் போதுமா? புத்தி அலையுது இந்த ஆளுக்கு.”

சொல்லக் கூடாத வார்த்தைதான். ஆனால் அதைத் தவறென்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. மாமனாரின் முகம் சுண்டிப்போயிற்று. அப்போதும் கதவைவிட்டு அவர் நகரவில்லை.

மாலையில் மகன் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள் அவன் மனைவி.

“நாலு பேருக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாங்க. இந்த வீட்ல ஒண்ணு அவர் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க.”

மகன் அப்பாவிடம் போனான்.

“ஏன்ப்பா கழட்டினீங்க? ஒரே ஒரு நியாயமான காரணம் சொல்லுங்க, விட்டுடறேன்.”

“துரு.”

“என்னைக் கேனையன்னு நினைச்சீங்களா?” மகன் குரல் உயர்ந்தது. “போதும்ப்பா. கிளம்புங்க. கொஞ்ச நாள் சித்தப்பா வீட்ல இருங்க. தச்சர் காலையில வந்து தாழ்ப்பாளைப் போடட்டும்.”

காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த மாமியார், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமனாரும் துணி எடுத்து வைக்கப் பின்னாலேயே போனார்.

அப்போதும் மருமகளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. செய்வதையும் செய்துவிட்டு என்ன அழுத்தம்! கூடத்து மேஜையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டாள். ‘இதையும் கொண்டுபோய் அந்த வீட்டையும் நாசம் பண்ணுங்க’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அத்தை விம்மிக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்லிடறேங்க. என்னால தாங்க முடியல. என்ன பேச்செல்லாம் பேசிட்டாங்க உங்களை! யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு நானும் கூடச் சேர்ந்து கத்தினேனே, பாவி!”

“சத்தம் போடாதே. நம்ம மருமகளுக்கு ஆசைப்பட்ட வேலை இப்பத்தான் கிடைச்சிருக்கு. தெரிஞ்சா, அத்தையைப் பார்த்துக்கணும்னு வேலையே வேண்டாம்னு உட்கார்ந்துடுவா. டாக்டர் குடுத்த மாத்திரையை விடாம சாப்பிடு, சரியாயிடும்.”

பெட்டியின் பூட்டு அழுந்தும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு மட்டும் கேளு. நாளைக்கு அவங்க போடப்போற தாழ்ப்பாளைத் தொடாதே, கதவை வெறுமனே சாத்திக்கிட்டுக் குளி. அன்னிக்கு நீ உள்ள மயங்கிக் கிடந்தப்ப, பழைய தாழ்ப்பாள் ஒரே இடியில பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. இது வராது. இடிக்க நானும் இங்க இருக்க மாட்டேன்.”