கருகிய முனை

“நம்ம மெஷின்ல அறுத்த காலுடா இது. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!”

தச்சர் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டார். எதிர்த் தெருவில் புதிதாக முளைத்த கடையில் வாங்கி வந்தது. நாலு காலில் ஒன்றை மட்டும் பிடித்து, அடியிலிருந்த ரப்பர் புஷ்ஷை நேராகப் பிடுங்கினார். உள்ளே மர முனை கரேலென்று கருகியிருந்தது.

பட்டறைக் கூட்டாளியான வெல்டர் குனிந்து அந்த முனையைத் தடவிப் பார்த்தார். தச்சரின் மர ரம்பத்தின் மோட்டார் புகைந்து படுத்தபோது, தன் இரும்பு அறுக்கும் மெஷினில் முட்டுக்கட்டை வைத்துக் கொடுத்தவர் அவர்தான். கட்டையை முட்டுவரை தள்ள வேண்டியது, அறுக்க வேண்டியது. டேப் பிடிக்காமலே அத்தனை காலும் ஒரே அளவு. ஆனால் இரும்புக்கான வட்டு மரத்தைத் தீய்த்துவிடும். ஊரில் வேறு எவனுக்கும் இந்தக் கோணங்கித்தனம் தோன்றியதில்லை.

“பாதி விலைக்கு வித்து நம்ம ஆர்டரையெல்லாம் அள்ளிட்டுப் போறாங்க. கல்லாவுல ஒரு கூலியாள், முதலாளி யாருன்னே தெரியல. சரக்கு மட்டும் நம்ம பட்டறையில ரெடியாகுது! சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு?”

“என் பொண்ணு மேல சத்தியமா நான் இல்லடா!”

“அப்போ எனக்கு நானே குழி தோண்டிக்கிட்டேனா?”

பட்டறை தொடங்கிய அன்று இருவரும் கையடித்துச் சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது: கூட்டாளியை ஏமாற்றியவன் வெறுங்கையோடு வெளியேற வேண்டும். வெல்டர் மனைவியின் நகையெல்லாம் அந்தப் பட்டறையில்தான் முடங்கிக் கிடந்தது.

“கூடப் பிறந்தவனா நெனச்சேனேடா” என்று தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரே தட்டுல சாப்பிட்டவன்டா நான். என்னைத் திருடன்னுட்டியே.” வெல்டர் இடுப்பிலிருந்து சாவியை உருவினார். பழி விழுந்ததைவிட, நண்பன் நம்பாமல் போனதுதான் அவருக்கு வலித்தது. “நீயே நம்பலைன்னா எனக்கு எதுக்குடா பட்டறை?”

சாவியை மேசைமேல் வைத்தார்.

“உன் மெஷினையாவது எடுத்துட்டுப் போ.”

“வேண்டாம். அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தார். அவர் தெருமுனை தாண்டும்வரை வாசலில் நின்ற தச்சர், உள்ளே வந்து கதவைத் தாழிட்டார். போனை எடுத்து மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார்.

“மச்சான், எதிர்த் தெருக் கடையை மூடிட்டு வந்துடு. இனிமே நாம பகல்லயே அறுக்கலாம்!”