நான்காவது துக்க வீடு

“அண்ணே, அழுகை எடுபடல. கார் வரைக்கும் போய்ட்டு மறுபடி அழுதுக்கிட்டே வாங்க” என்று காதோரம் முணுமுணுத்தான் பிரசார உதவியாளன் எர்மெக். கையில் படம் பிடிக்கும் போன்.

வேட்பாளர் மெலிஸ் நகரவில்லை. தேர்தலுக்கு மூன்றே நாள்; இந்த வாரத்தில் இது நான்காவது துக்க வீடு. முற்றத்தில் துக்கக் கூடாரம் எழும்பியிருந்தால், வருகிற ஆண்கள் தூரத்திலிருந்தே “அப்பா, என் அப்பா” என்று கதறிக்கொண்டு வரவேண்டும். செத்த பெரியவர் யாராக இருந்தாலும் கிர்கிஸ் வழக்கம் அதுதான்.

அதில் மெலிஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. நேற்று அவர் போட்ட கதறலில் செத்தவரின் மகன்களே வாயடைத்துப் போனார்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “தகப்பன் முகம் பார்க்காத அநாதை நான். இந்தப் பள்ளத்தாக்குப் பெரியவங்க அத்தனை பேரும் எனக்கு அப்பாதான்” என்றாரே, பெண்கள் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எந்த மேடையிலும் ஓட்டு வாங்கித் தரும் வரி அது.

இன்றைக்கு எல்லாம் சொதப்பல். காலையில் ஒரு போன் வந்ததும் பொதுக்கூட்டத்தை விட்டுவிட்டு இந்த மலையூருக்கு வண்டியைத் திருப்பச் சொன்னதே அவர்தான். நானூறு ஓட்டு உள்ள ஊர் என்று எர்மெக்கும் குஷியாகத்தான் வந்தான். இறங்கியவர் “அப்பா” என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதுவும் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை.

“இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்” என்றார் ஒரு கிழவர், ஊரே கேட்கும்படி. ஓட்டுக் கேட்கப் போகிற எல்லா ஊரிலும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதானே என்று எர்மெக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூடாரத்துக்கு வெளியே வீட்டு ஆண்கள் கோல் ஊன்றி அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், முகத்தைக்கூடப் பார்க்காமல் மெலிஸின் கையில் ஒரு கோலைத் திணித்தார். மெலிஸ் வரிசையின் கடைசியில் போய் நின்றார். எர்மெக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டார் சேர்த்துக்கொண்டார்கள், இனி நாலு வார்த்தை பேசினால் ஊர் கைக்குள்.

“அண்ணே, செத்தவர் பேரைச் சொல்லுங்க, பேச்சுல சேர்த்துடறேன். கூட்டம் பாக்குது. நேத்து அழுதீங்களே, அதுல பாதி அழுதாக்கூடப் போதும்.”

மெலிஸின் தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் வரவே இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் இந்த அழுகையை யார் நம்புவார்கள் என்று எர்மெக் போனைத் தாழ்த்தினான்.

மெலிஸ் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“நேத்து செத்தவர் யாரோ, எர்மெக். இவர் என்னைப் பெத்தவர்.”