தையல் பிரிக்கும்வரை

“ஆர்டர் வ... வர்ற நேரத்துலயா போய் வாயைத் தைச்சுக்கிட்டு வருவே?”

தங்கை பொரிந்தாள். அக்கா துணி வெட்டும் மேஜையில் சாக்கட்டியால் எழுதினாள்: ‘தையல் பிரிக்கும்வரை பேசக் கூடாது.’

அக்காவுக்கு முன்பல் ஈறு இறங்கி, பல்லின் வேர் வெளியே தெரிந்தது. மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து, அதை ஈறில் வைத்துத் தைத்திருந்தார் டாக்டர்.

“கொஞ்சம் த... தள்ளிப் போட்டிருக்கலாம்ல. ஈறு என்ன ஓடியா போயிடும்?”

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்கா ஆறின சூப்பைக் குடித்தாள்.

இருவர் மட்டும் நடத்தும் திரைச்சீலைக் கடை. தைப்பது இருவரும்; பேசுவது அக்கா மட்டும். தங்கைக்குத் திக்கும். ஓர் எழுத்தில் அவள் மாட்டிக்கொண்டு நிற்கும்போதே, மீதி வாக்கியத்தை அக்கா முடித்துவிடுவாள். அம்மா போனதிலிருந்து அப்படித்தான். தங்கை பெருமூச்சு விட்டால்கூட அதற்கு அக்காதான் பதவுரை.

எதிர்க்கடை சாவிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இத்தனை வருஷமா தங்கச்சி வாயைப் பூட்டி வச்சிருந்தியே, இப்ப உனக்கே பூட்டா? சாவி போட்டுத் தரவா?”

அக்கா கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டினாள். அவர் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஹோட்டல் மேனேஜர் வந்தார். எல்லா அறைக்கும் புதுத் திரை. இந்த ஆர்டர் கைநழுவினால் அந்த வருஷமே போச்சு.

அக்கா தையல் மெஷினில் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

“இந்த மெல்லிசுத் துணியே போதும்மா. சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க.”

“மே... மே...”

அந்த இடத்தில் அக்காவின் குரல் வந்து விழ வேண்டும். விழவில்லை. மெஷின் சத்தமும் நின்றுவிட்டது.

“மே... மேற்கு பார்த்த ரூமுக்கு இது தாங்காது சார். ஒரே வருஷத்துல வெ... வெளுத்துடும். உள்ளே லைனிங் கொடுத்துத் தைக்கணும்.”

மேனேஜர் காத்திருந்தார். சொல் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது.

“அட, போன தடவை தைச்சவங்க இதைச் சொல்லவே இல்லையே. அப்படியே தைங்க.”

அவர் போனதும் தங்கை மெஷின் பக்கம் வந்தாள். “நா... நான் சொதப்பியிருந்தா? பிடிச்சு வச்ச பிள்ளையாராட்டம் உக்காந்திருக்கே.”

அக்கா தன் வாயைத் தொட்டுக் காட்டினாள்.

பிறகு கடைக்கு வந்த எல்லோரிடமும் தங்கைதான் பேசினாள். அக்காவைத் திட்டிக்கொண்டேதான் பேசினாள். சாவிக்காரரோடு ஒரு நாள் சண்டைகூடப் போட்டாள். ஜெயித்தாள்.

தையல் பிரிக்கும் நாளில் அக்காவோடு அவளும் போனாள்.

“அழகா ஒட்டிக்கிட்டிருக்கு” என்றார் டாக்டர், கடைசி நூலை உருவியபடி.

“இ... இனிமே அக்கா பேசலாமா டாக்டர்?”

“இனிமேலா? மறுநாளே மெதுவாப் பேசலாம்னு சொல்லித்தானே அனுப்பினேன்.”

தங்கை மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

“முடிஞ்சுதும்மா, வாயை மூடிக்கலாம்” என்றார் டாக்டர்.

அக்கா மூடவில்லை. கூரையைப் பார்த்தபடி இன்னும் அகலமாகத் திறந்துகொண்டாள்.